பின் சீட்டுக்காரி

மகரிப் பாங்கு சொல்லி முடிச்ச அந்தி நேரம். ஏழரை இருக்கும். மெர்லிமாவ்லேருந்து வர்ற பெரிய ரோட்டுல லோரி ஒண்ணு கவுந்து கெடக்கு… ஒரே ஜாம், ஒரு கார் நகரல. பொறுமையில்லாம காந்தன் காரத் திருப்பி, செம்பனைக் காட்டுக்குள்ள போற எஸ்டேட் ரோட்டுல விட்டுட்டான். ரெண்டு பக்கமும் மரம். வெளக்குக் கம்பம் கெடையாது. முன்னாலயும் வண்டி இல்ல… பின்னாலயும் வண்டி இல்ல…

டேய் விமலா, அந்த ஃபோன் லைட்ட அணைடா. கரண்டு வர்ற வரைக்கும் பேய்க் கதை சொல்லுங்க புனிதாக்கான்னு கேட்டது நீதான? அப்ப இருட்டுலதான் கேக்கணும். எல்லாரும் இந்தப் பக்கம் ஒட்டி உக்காருங்க. கொசுவத்திய இங்க நகர்த்து.

காந்தன் யாருன்னா… என்கூட பள்ளிக்கூடக் கேண்டின்ல வேல செய்யறாளே மலர்விழி, அவளோட கூடப் பொறந்த தம்பி. குருபோங் ஃபேக்டரில சூப்பர்வைசர். தங்கமான பையன்தான், ஆனா எதையும் படிச்சுப் பாக்க மாட்டான். ஃபோன்ல எது வந்தாலும் ஓகே, ஓகேன்னு தட்டிக்கிட்டே போவான். பொண்டாட்டி பேரு ராகினி. கல்யாணமாயி ஏழு வருசம் வயித்துல ஒண்ணும் தங்கல. ஏறாத கோயில் இல்ல, பாக்காத டாக்டர் இல்ல. கடைசில ஒண்ணு தங்குச்சு. அன்னிக்கு அவளுக்கு எட்டாம் மாசம். அந்தப் புள்ளதான் ரெண்டு பேருக்கும் உசுரு.

புள்ள வரப்போவுதேன்னுதான் புதுக் காரே எடுத்தான். கரண்டு கார். ஃபோன் செஞ்சு விக்கிற கம்பெனி ஒண்ணு இப்ப காரும் செய்யுதாம், பேரெல்லாம் வேணாம். பெட்ரோல் கெடையாது, சத்தம் கெடையாது, அடியில பாய் விரிச்ச மாதிரி பேட்டரி. உள்ளுக்குள்ள கேமரா வேற. யாரு ஏறுறா, யாரு எறங்குறா, தூங்குறானா முழிச்சிருக்கானா… எல்லாத்தையும் பாக்கும். பாத்துக் கம்பெனிக்கு அனுப்பும். எடுக்கும்போதே கேட்டுச்சாம், இதுக்கெல்லாம் சம்மதமான்னு. நம்மாளு வழக்கம்போல தட்டிட்டான்.

அன்னிக்கு ராகினியோட அம்மா பாக்கியலட்சுமியப் பாத்துட்டு, புக்கிட் காத்தில்ல இருக்கற அவங்க வீட்டுக்குத் திரும்புறாங்க. “மாசமா இருக்கறவள வச்சுக்கிட்டு மகரிப் நேரத்துல போவாதீங்க மாப்ள, ராத்தங்கிட்டுப் போங்க”ன்னு அந்தம்மா எவ்வளவோ சொல்லுச்சு. காலையில ஷிஃப்ட்னு இவன் கேக்கல. அந்தம்மா ஒரு கொத்து வேப்பெல ஒடிச்சு மக தலையில சொருகி அனுப்புச்சு.

காட்டுல பாதி தூரம் வந்திருப்பாங்க… ஒரு வாசம். கெம்போஜாப் பூ. மலாய்க்காரங்க இடுகாட்டுல நிக்குமே, அந்த வெள்ளப் பூ. கார் கண்ணாடியெல்லாம் மூடியிருக்கு, ஏர்கோன் ஓடுது… உள்ளுக்குள்ள கும்முனு அடிக்குது. காந்தனுக்கும் தெரிஞ்சுச்சு, ராகினிக்கும் தெரிஞ்சுச்சு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. வாயத் தொறக்கல.

தொறப்போமா நாம? இந்த ஊர்ல பொறந்தவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்லா இது. காட்டு ரோட்டுல வாசம் வந்தா என்ன வாசம்னு கேக்கக் கூடாது. ஏதோ நிக்கிற மாதிரி தெரிஞ்சா, அங்க பாருன்னு காட்டக் கூடாது. ‘தெகோர்’ பண்ணாத, பேச்சுக் குடுக்காதம்பாங்க மலாய்க்காரங்க. கண்டும் காணாம போயிட்டா அதுவும் அது வழியில போயிரும். வாயெடுத்துப் பேசிட்டா… கூடவே வந்துரும்.

நமக்குத் தெரியும். காருக்குத் தெரியுமா?

டிங்… டிங்… டிங்…

மலாய்ல பேசுச்சாம். நல்ல இனிப்பான பொம்பளக் கொரல். பின் சீட்டுல உக்காந்திருக்கறவங்க தயவுசெஞ்சு பெல்ட் போடுங்கன்னு.

காந்தன் ஸ்கிரீனப் பாத்தான். அதுல சீட்டு சீட்டா படம் போட்டிருக்கும். முன்னால ரெண்டு சீட்டுல ஆள் இருக்குன்னு பச்சை. பின்னால, ராகினிக்குப் பின்னாடி சீட்டுல… செவப்பு. பைய கிய்ய வச்சுட்டமோன்னு நெனச்சான். அம்மா குடுத்த பை ராகினி காலடியில இருக்கு. பின் சீட்டுல ஒரு துண்டுத் துணிகூட இல்ல.

டிங்… டிங்… டிங்… விடாம அடிக்குது. ராகினி ரெண்டு கையாலயும் வயித்த மூடிக்கிட்டா. கண்ணுலேருந்து தண்ணி கொட்டுது, சத்தம் வரல. காந்தன் மிதிக்கிறான். வண்டி நகர மாட்டேங்குது, ஒரு லோரிச் சாமான் ஏத்துன மாதிரி இழுக்குது. பேட்டரி கண்ணு முன்னாலயே எறங்குது.

அப்ப… பின்னாலேருந்து பெல்ட்ட இழுக்கற சத்தம். சர்ர்ர்…

டக்.

டிங் டிங் நின்னுச்சு. ஸ்கிரீன்ல செவப்பு பச்சையாச்சு. நன்றின்னுச்சாம் காரு.

தள்ளாதடி ஸுஹா, என் மடியில ஏறி உக்காந்துருவ போலருக்கு.

எப்படி வீடு வந்து சேந்தான்னு அவனுக்கே தெரியாது. ரெண்டு பேரும் திரும்பிப் பாக்காம எறங்கி, வழக்கம்போல சார்ஜ் வயரச் சொருகிட்டு, கால் கழுவிட்டு உள்ள போயிட்டாங்க. காலையில வந்து பாக்கறான்… கார் கண்ணாடி பூரா வெளிப்பக்கம் வேர்த்து வடியுது. உள்ள ஏர்கோன் ஓடிக்கிட்டிருக்கு. ராத்திரி சார்ஜ்ல போட்ட வண்டி, ஆனா பேட்டரி கால்வாசிகூட ஏறல. ஃபோனத் தொறந்தா ஒரு சேதி: பின் சீட்டுல ஆள் இருக்கறதால ஏர்கோன் போட்டு வச்சிருக்கோம்.

அதுக்குக் கீழ இன்னொண்ணு. புதுசா ஒரு முகம் பாத்தோம், இவங்க யாரு? குடும்பமா, விருந்தாளியா?

அவன் ஃபோன மூடிட்டான். எலுமிச்சம்பழம் வெட்டுனான், குங்குமம் தடவுனான், கற்பூரம் சுத்துனான். சேதி நிக்கல. வேல எடத்துல வருது, சாப்புடும்போது வருது. இவங்க யாரு? இவங்க யாரு? ஒரு நாள் மெஷின் பழுது, மேலதிகாரி திட்டிக்கிட்டிருக்கான், பாக்கெட்டுல அது உதறிக்கிட்டே கெடக்கு. எரிச்சல்ல எடுத்து… விருந்தாளின்னா பேரு, நம்பர் எல்லாம் எழுதணும். குடும்பம்னா ஒரே தட்டு. தட்டிட்டான்.

மலர்விழி இந்த எடத்துக்கு வந்தாலே தலையில அடிச்சுக்குவா. “ஊரெல்லாம் வாயப் பொத்திக்கிட்டு வரும், என் தம்பி வா வான்னு குடும்பத்துல சேத்துட்டான்க்கா.”

அப்பறம் சேதி வரல. ஆனா சாயந்தரமானா போர்ச்சுல காரு தானா பூட்டுத் தொறக்கும்… டுப். கதவு தொறக்கும், மூடும். ஹால் வரைக்கும் கெம்போஜா வாசம் வரும். ராகினி சாப்பாட்டக் கொறச்சுட்டா. வயித்துல புள்ள ஒதைக்கறது கம்மியாயிருச்சுங்கன்னு புருசன்கிட்ட சொன்னா. கிளினிக்ல கேட்டா எல்லாம் சரியாத்தான் இருக்குன்னுட்டாங்க.

காந்தன் அந்தக் காரு செஞ்ச கம்பெனிக்கு ஃபோன் போட்டான். கோலாலம்பூர்லேருந்து ஒரு தமிழ்ப் பொண்ணு பேசுச்சு, ரொம்ப மரியாதையா. கார்ல ஏதோ கோளாறு, எல்லாத்தையும் அழிச்சு விடுங்கன்னான்.

“செஞ்சிரலாம் சார். அதுக்கு முன்னால பின் சீட்டுல இருக்கற அக்காவ எறங்கச் சொல்லுங்க.”

“யாரு?”

“இப்ப உக்காந்திருக்காங்களே சார். மாசமா இருக்காங்க போல… மெதுவாவே எறங்கட்டும், அவசரமில்ல.”

காந்தன் திரும்பிப் பாத்தான். ராகினி ஹால்ல உக்காந்து புள்ளத் துணி மடிச்சுக்கிட்டிருக்கா.

“அது யாரும்மா? எனக்கு ஒரு படம் அனுப்பு. என் காரு அது!”

“சாரி சார். அது அவங்களோட ப்ரைவசி. அவங்க சம்மதிச்சாத்தான் காட்ட முடியும்.”

“அப்ப அந்தாள என் குடும்பத்துலேருந்து எடுத்து விடு!”

“அதுக்கும் அவங்கதான் கேக்கணும் சார்.”

பாத்தியா அநியாயத்த? இவன் வீட்டு வாசல்ல நிக்கிற காரு. கம்பெனிக்காரன் எங்கயோ உக்காந்து உள்ள எட்டிப் பாக்கலாம், இவன் பாக்கக் கூடாதாம். செத்தவளுக்கு இருக்கற மானம் மரியாத உசுரோட இருக்கறவனுக்கு இல்ல. சரின்னு காரத் திருப்பி எடுத்துக்கங்கன்னு சண்ட போட்டு, அடுத்த வாரம் லோரி அனுப்பறோம்னு சொல்ல வச்சுட்டான்.

ஆனா அடுத்த வாரம் வரைக்கும் பொறுக்க முடியல அவனால. ஏர்கோன் காத்து வாங்கிக்கிட்டுத்தான உக்காந்திருக்கா? பேட்டரி செத்தா அவளும் போயிருவான்னு, அன்னிக்கு ராத்திரியே சார்ஜ் வயரப் புடுங்கி வீசிட்டான். பட்டினி கெடன்னு கத்தியே சொன்னானாம்.

விடிஞ்சுச்சு. ராகினி கட்டில்ல உக்காந்திருக்கா. “ஏங்க… புள்ள அசையவே மாட்டேங்குதுங்க.”

பக்கத்து வீட்டுத் தங்கையா தன்னோட பழைய கார்லதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போனாரு. ஸ்கேன் வச்ச நர்ஸ் டாக்டரக் கூப்ட்டா. டாக்டர் இன்னொரு டாக்டரக் கூப்ட்டாரு. கொடி சுத்திக்கிச்சுன்னாங்க. பொம்பளப் புள்ள. தலை நெறைய முடி. ஒரு கொறையும் இல்லாம, தூங்கற மாதிரி இருந்துச்சாம். ராகினி அழாம, எம்புள்ளைக்கு ஒரு தொப்பி போட்டு விடுங்க, குளிருதுன்னாளாம். சின்னப் புள்ளைய எரிக்க மாட்டமே… காந்தன்தான் தன் கையால கொண்டு போயிப் பொதைச்சுட்டு வந்தான். எந்தத் தகப்பனுக்கும் அந்த நெலம வரக் கூடாது.

அழுவாதடா விமலா. இன்னும் முடியல.

கார் போர்ச்சுலயே நிக்குது, வயர் இல்லாம. காந்தன் சோறு தண்ணி இல்லாம ஃபோனையே பாத்துக்கிட்டிருந்தான். பேட்டரி எறங்குது. பத்து… ஆறு… செத்துத் தொலடி, செத்துத் தொலடின்னு பல்லக் கடிச்சுக்கிட்டு. உள்ள ராகினிக்கு இன்னொரு கஷ்டம். புள்ள இல்லாட்டி என்ன, பால் ஊறத்தான் செய்யும். மாரு ரெண்டும் கல்லு மாதிரி கட்டிக்கிச்சு. காய்ச்சல் வேற. பாக்கியலட்சுமியம்மா மல்லிகைப்பூவ வாங்கி வந்து, மாருல வச்சுத் துணியால இறுக்கிக் கட்டி விட்டுச்சு, பால் வத்தட்டும்னு. வலி தாங்காம ராவெல்லாம் மொனகுவா.

ராகினி வீட்டுக்கு வந்து ரெண்டாம் நாள், மகரிப் நேரம். பேட்டரி ரெண்டு பெர்செண்ட். முடிஞ்சுச்சுன்னு காந்தன் எந்திரிக்கறான்… ஃபோன் கத்துச்சு. சாதாரணச் சத்தம் இல்ல, சைரன் மாதிரி.

புள்ளைங்கள கார்லயே மறந்து விட்டுட்டுப் போயிடறாங்கள்ல, அதுக்குன்னு அந்தக் கார்ல ஒரு ஏற்பாடு இருக்காம். பூட்டுன காருக்குள்ள சின்னப் புள்ள மூச்சு விடறது தெரிஞ்சா ஆபத்துன்னு சொல்லும். அதுதான் வந்திருக்கு.

பின் சீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. பேட்டரி தீரப் போகிறது. ஏர்கோன் நின்றுவிடும். குழந்தையை உடனே வெளியே எடுக்கவும்.

பொய் சொல்லுது சனியன்னு ஃபோனத் தூக்கி எறிஞ்சான். அது தரையில கெடந்து கத்துது. உள்ளே சூடு ஏறுகிறது… உள்ளே சூடு ஏறுகிறது… காதப் பொத்துனான். சொவத்துல முட்டுனான். தன் கையால மண்ணு தள்ளுனவன்லா அவன், அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனா பெத்தவன் மனசு கேக்குமா? “எம்புள்ளைக்கு வேவுமே”ன்னு அலறிக்கிட்டு வெறுங்காலோட ஓடி, வீசுன வயரத் தேடி எடுத்து… ஓட்டையில ஏற மாட்டேங்குது… சொருகிட்டான். பச்சை லைட்டு எரிஞ்சுச்சு. ஏர்கோன் உஸ்ஸுன்னு கெளம்புச்சு. சைரன் நின்னுச்சு. அப்படியே கார் கதவுல சாஞ்சு உக்காந்து, வாய் விட்டு அழுதான்.

பின்னால ராகினி வந்து நிக்கறா. கையில அவன் எறிஞ்ச ஃபோன். அதுல இருந்தத அவளும் படிச்சுட்டா.

நேரா பின் கதவுகிட்ட போனா. அவ கை வைக்கறதுக்கு முன்னாலயே… டுப். கதவு தொறந்துச்சு. குனிஞ்சு உள்ள ஏறுனா. மூடிக்கிச்சு.

காந்தன் கதவ இழுக்கறான், தட்டறான், ராகினி ராகினின்னு கத்தறான். தொறக்கல. கறுப்புக் கண்ணாடி, உள்ள ஒண்ணும் தெரியல. மாமியார் சத்தம் கேட்டு ஓடியாந்து பாத்துட்டு, வாசப்படியிலயே உக்காந்துருச்சு. காருக்குள்ளேருந்து ஒரு சத்தமும் இல்ல. ஏர்கோன் ஓடற சத்தம் மட்டும்தான்.

ரொம்ப நேரம் கழிச்சு, கதவு அதுவா தொறந்துச்சு.

ராகினி மெதுவா எறங்குனா. மாருல கட்டியிருந்த துணி அவுந்து கையில இருக்கு, மல்லிகைப்பூவெல்லாம் வதங்கிப் போயி சீட்டுல சிந்திக் கெடக்கு. ஆஸ்பத்திரிலேருந்து வந்ததுலேருந்து இல்லாத ஒரு தெளிவு அவ மொகத்துல. புருசன் தோளப் புடிச்சுக்கிட்டு, முந்தானைய சரி பண்ணிக்கிட்டே சொன்னாளாம்…

“பால் கட்டு விட்டுருச்சுங்க. வலியே இல்ல. அந்தக்கா நாளைக்கும் வரச் சொன்னாங்க.”