மூன்றில் ஒரு பங்கு

காலையில் எழுந்ததும் முதலில் ஆக்ஸிஜன் மெஷினின் ஃபில்டரைக் கழுவுவேன். சோப்புத் தண்ணீரில் பிழிந்து, துண்டில் ஒற்றிக் காயப்போட்டு, மாற்று ஃபில்டரைப் பொருத்துவேன். மெஷினின் பக்கத்தில் தொங்கும் குப்பியில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கோடு வரை ஊற்றுவேன். பால் அடுப்பில் இருக்கும்போதே மனைவியின் முகத்தை வெந்நீர்த் துணியால் துடைத்து, மூக்கில் மாட்டிய குழாய் அழுத்திய தடத்தில் களிம்பு தடவுவேன். தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்காரவைப்பேன். மாத்திரை. காபி. அவள் இரண்டு மடக்கு குடிப்பாள், மீதி எனக்கு. பிறகு பால்கனிக்குப் போய் பைப்பில் புகையிலை பிடிப்பேன்.

இன்ஸ்பெக்டர் சார், போன வாரம் ஸ்டேஷனுக்கு வந்து நான் பேச ஆரம்பித்ததும் நீங்கள் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டீர்கள். "துக்கத்துல இருக்கீங்க தம்பி. புகார் குடுக்க ஆளே இல்ல, நான் என்னத்த விசாரிக்கிறது? போய் நல்லா தூங்குங்க. அப்புறமும் சொல்லணும்னு தோணினா எழுதிக் கொண்டாங்க" என்றீர்கள். தூங்கினேன். நன்றாகவே தூக்கம் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் கல்லூரியில் ஒரே வகுப்பு. நான் விடாமல் சிகரெட் பிடித்ததால் அவள் என்னைப் 'புகைபோக்கி' என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு நோய் என்னவென்று தெரிந்த அன்றே சிகரெட்டை விட்டேன். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பேறி இறுகிக்கொண்டே வரும் நோய். சிகரெட் காரணமில்லை என்றார் டாக்டர். வேறு என்ன காரணம் என்று கேட்டால் தெரியாது என்றார். மருந்து அதை மெதுவாக்கும், நிறுத்தாது.

நான் வீட்டிலிருந்தே வேலை செய்பவன். கட்டட வரைபடங்களில் அளவுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று சரிபார்ப்பேன். கவனம் சிதறக்கூடாத வேலை. அவளுடைய அண்ணன், என் மச்சான், ஒரு சைக்கிள் பெல்லைக் கொண்டுவந்து கட்டில் சட்டத்தில் திருகி வைத்தார். "மகாராணி பெல் அடிச்சா மந்திரி ஓடி வரணும்" என்று அவர் சொல்ல, அவள் சிரிக்கப்போய் இருமல் வந்துவிட்டது. நான் ஓடினேன். தண்ணீருக்கு, தலையணைக்கு, மின்விசிறிக்கு. பாதி நேரம் எதற்குமில்லை. போய் நின்றால், "சும்மாடா. இருக்கியான்னு பார்த்தேன்" என்பாள்.

இதை நான் குறையாகச் சொன்னதில்லை. டாக்டரிடம் ஒருமுறை தகவலாகச் சொன்னேன். அவர், "பாதி மூச்சிரைப்பு பயத்தால வர்றது. கூப்பிட்டவுடனே ஓடாதீங்க. கொஞ்சம் தைரியமா இருக்கப் பழகட்டும்" என்றார். அவர் தண்ணீரையும் தலையணையையும் மனதில் வைத்துச் சொன்னார். அது எனக்குத் தெரியும். அவரை இதில் இழுக்க வேண்டாம்.

பைப் வாங்கியது திட்டமிட்டு அல்ல. மருந்துக் கடைக்குப் பக்கத்தில் குடை, பூட்டு, லைட்டர் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பைப் கிடந்தது. பிரையர் என்ற புதரின் வேர்க்கட்டையில் செய்தது. சல்லிசான சரக்குதான். கட்டையில் இருந்த சின்னப் பள்ளத்தை எதையோ பூசி அடைத்திருந்தார்கள். கடைக்காரர் மறைக்கவில்லை. "விலைக்கு இது போதும் சார். ஆனா புதுக்கட்டை. பழக்கித்தான் ஆகணும். பொறுமை இல்லாதவன் கையில இது வெறும் விறகு" என்றார். பழக்கும் முறையையும் அவரே சொன்னார். முதலில் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குதான் புகையிலை போட வேண்டும். சில நாள் கழித்துப் பாதி. பிறகுதான் முழுக்கிண்ணம். உள்ளே மெல்லிய கரி படிந்தால்தான் கட்டை சூட்டைத் தாங்கும். எவ்வளவு போட்டாலும் அடிவரைக்கும் பிடித்து முடிக்க வேண்டும். நடுவில் எழுந்து போனால் அடிக்கட்டை பச்சையாகவே நின்றுவிடும், அப்புறம் அது எந்தக் காலத்திலும் சரியாகாது.

மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு சாய்வு நாற்காலியும் ஒரு நாயும் வாங்கிடு. கிழவன் வேஷம் முழுசாயிடும்" என்றாள். பிறகு, "வெளியில வெச்சுக்கோ. கதவைச் சாத்திட்டு" என்றாள். ஆக்ஸிஜன் ஓடும் அறையில் நெருப்பு கூடாது. பால்கனிக் கதவு காற்றில் திறந்துகொள்ளும் என்பதால் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வைத்தேன். அவளுடைய பாதுகாப்புக்கு.

முதல் சில நாள் புகை கசந்தது. உள்ளே பூசிய மெருகு எரியும் வாசனை. ஆனாலும் அந்த நேரம் எனக்குப் பிடித்திருந்தது. ஒன்றைத் தொடங்கி, அதை முடிக்கிறேன். நீங்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வீர்களோ தெரியாது, அந்த வீட்டில் முடிவு என்று வேறெதற்கும் இருக்கவில்லை. ஒன்றுக்குத்தான் இருந்தது. அதற்காகத்தான் இருவரும் காத்திருந்தோம்.

இரண்டாம் நாளே பெல் அடித்தது. கிண்ணத்தில் கொஞ்சம் மீதி இருந்தது. முடித்துவிட்டுப் போனேன். தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அவளையும் இதே அளவில் பழக்கலாம். மூன்றில் ஒரு பங்கு நேரம் அவளால் தனியாக இருக்க முடிகிறது. அடுத்து பாதி.

பாதிக்கிண்ணத்துக்கு வந்தபோது அவள் அழுதாள். மெஷினிலிருந்து வரும் குழாய் மூக்கிலிருந்து நழுவி, எடுத்து மாட்டிக்கொள்ள முடியாமல் இருந்திருக்கிறாள். நான் உள்ளே போய் மாட்டிவிட்டு, பயந்தால் மூச்சு இன்னும் வாங்கும் என்று எடுத்துச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. "பெல் சத்தம் கேக்கலையாடா?" என்றாள். கேட்டது என்றேன். பொய் சொல்வது முறையல்ல. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவள் அழுததில்லை.

முழுக்கிண்ணத்துக்குப் போகும் முன் பெல்லைக் கழற்றிவிட்டேன். திருகாணி சுவரில் கீறிக்கொண்டிருந்தது. மாற்றம் தெரிந்தது. கூப்பிடுவது குறைந்தது. குழாய் நழுவினால் கன்னத்தைத் தலையணையில் தேய்த்துத் தேய்த்து அவளே சரிசெய்துகொண்டாள். 'டா' போய், 'வாங்க', 'போங்க' என்று பேச ஆரம்பித்தாள். மரியாதை வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். மச்சான் வந்து பார்த்துவிட்டு, "அவ முன்ன மாதிரி படபடன்னு இல்ல. உங்களை மாதிரி ஒரு மனுஷன் அமைஞ்சது எங்க குடும்பத்துக்கே பாக்கியம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை.

சிலிண்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரண்ட் போனால் மெஷின் நின்று, பீப் பீப் என்று கத்தும். மூலையில் நிற்கும் சிலிண்டரை ஸ்பானர் போட்டுத் திறந்து, குழாயை அதற்கு மாற்ற வேண்டும். முறுக்கான வால்வு. அவள் கைக்கு அது அசையாது. மெஷின் நின்றால் அவளுக்கு அதிக நேரமில்லை. இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அன்று காலை முழுக்கிண்ணம். மேல்பகுதி சீராக எரிந்து, கால்பங்குதான் மீதி. கடைக்காரர் சொன்ன அந்த அடிப்பகுதி. உள்ளே பீப் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு மின்விசிறி நிற்பதும் தெரிந்தது. சத்தத்தை நான் வேறெதுவாகவும் நினைக்கவில்லை. நான் அசதியில் இருந்தேன், ஏதோ யோசனையில் இருந்தேன் என்றெல்லாம் எழுதினால் உங்களுக்கு எளிதாக இருக்கும். அப்படி இல்லை. கிண்ணத்தைப் பார்த்தேன். சாம்பலை, அதற்கென்றே வைத்திருந்த ஆணியின் தலையால் மெல்ல அழுத்தினேன். அணையாமல் பிடித்தேன்.

அவள் எழுந்து கதவுக்கு வந்தாள். எழுந்து நடந்து பல வாரங்கள் ஆகியிருந்தன. கதவைத் தட்டவில்லை. கதவின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். உதடு நீலமாக இருந்தது. ஏதோ சொன்னாள். நான் கையை உயர்த்தி, இரு என்று காட்டினேன். தலையாட்டிவிட்டுத் திரும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் போனாள். எனக்கு அந்த நிமிடம் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அடிவரைக்கும் முடித்தேன். சாம்பலைத் தட்டினேன். சூடு ஆறுவதற்குள் தண்டில் குச்சி விட்டுத் துடைக்க வேண்டும், துடைத்தேன். கிண்ணத்தின் உள்பக்கம் ஒரே சீராகக் கருத்திருந்தது. கடைக்காரர் பார்த்திருந்தால் சரியான பக்குவம் என்றிருப்பார். பிறகுதான் தாழ்ப்பாளை எடுத்தேன். அவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தாள். சிலிண்டரைத் திறந்து, குழாயை மாற்றி, அவள் மூக்கில் பொருத்தினேன். அதன் பிறகு மச்சானுக்கு போன் செய்தேன். வந்தவர்கள் எல்லோரும் சிலிண்டர் ஓடுவதைப் பார்த்தார்கள். டாக்டர், எதிர்பார்த்ததுதானே என்று என் தோளைத் தட்டினார்.

என் மனைவியைக் கொன்றது நான். நோயின் மேலும் கரண்டின் மேலும் பழி போட வேண்டாம். ஆனால் அவளைத் தைரியசாலியாக்கத்தான் நான் இதையெல்லாம் செய்தேன் என்பதையும், கடைசியில் அவள் தைரியமாகத்தான் இருந்தாள் என்பதையும் சேர்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரு திருத்தம். அவள் கதவருகே வந்து ஏதோ சொன்னாள் என்று மேலே எழுதினேன். மச்சானிடம், தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றேன். ஸ்டேஷனில் உங்களிடம், என் பெயரைச் சொன்னாள் என்றேன். இரண்டும் இல்லை. கதவின் மேலிருந்த ஜன்னல் திறந்திருந்தது, சொன்னது தெளிவாகவே கேட்டது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சுக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"நான் கூப்பிடலைங்க. கரண்ட் போயிடுச்சு, அதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்க முடிச்சிட்டே வாங்க."