நாலில் ஒன்று

மங்களாம்பிகை: ...என்ன சொன்னாலும் சரிக்கா, சின்ன மாமாவை நான் கட்டிக்க மாட்டேன்.

பூவம்மாள்: மெதுவாப் பேசுடி! கூடத்துல அவரும் சின்ன மாமாவும் உட்கார்ந்திருக்காங்க. காலேஜுக்குப் போனதும் தாய்மாமன் கசந்துட்டாரா?

மங்களாம்பிகை: கசக்கல. நீ பெரிய மாமாவைக் கட்டினே. உன் பிள்ளையைப் பார்த்துத்தான் பயமா இருக்கு.

பூவம்மாள்: என் இளையபெருமாளுக்கு என்ன குறை? காதுதான் கேக்காது... மத்தபடி ராஜாவாட்டம் இருக்கான்.

மங்களாம்பிகை: ராஜாதான். ஆனா ஏன் கேக்கலைன்னு...

பூவம்மாள்: குலதெய்வத்துக்குக் கிடா வெட்டலைன்னு அம்மாச்சி சொல்றாங்க.

மங்களாம்பிகை: சாமியை விடு. ஜீன்னு ஒண்ணு இருக்கு. அம்மா தர்றது ஒண்ணு, அப்பா தர்றது ஒண்ணுன்னு ஜோடியா வரும். கெட்டது ஒண்ணு மட்டும் வந்தா, கூட இருக்கிற நல்லது அதை அமுக்கிடும். ரெண்டுமே கெட்டதா வந்துட்டா...

பூவம்மாள்: எனக்கும் கேக்குது, அவருக்கும் கேக்குதே!

மங்களாம்பிகை: ரெண்டு பேருக்குள்ளயும் அது ஒளிஞ்சு கிடக்கு. ஒரே வீட்டு ரத்தமாச்சே. உனக்குப் பொறக்கிற பிள்ளைக்கு நாலுல ஒரு பங்கு...

பூவம்மாள்: தஞ்சாவூர் டாக்டரும் அதைத்தான் சொன்னாரு. அந்த ஒண்ணுதான் வந்துட்டுதே! வாய்க்கால்ல முறை வச்சுத் தண்ணி விடறாப்பல, நம்ம முறை முடிஞ்சுது. இனி எல்லாம் நல்லாப் பொறக்கும்.

மங்களாம்பிகை: ஐயோ அக்கா... இது முறைத்தண்ணி இல்ல. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசா சீட்டுக் குலுக்கணும். அதனாலதான் ஒரே வயித்துப் பிள்ளைங்ககூட ஒண்ணு போல ஒண்ணு இருக்கிறதில்ல. நாலும் நல்லாப் பொறக்கலாம்... நாலுமே...

பூவம்மாள்: வாயைக் கழுவு! தொட்டில்ல பாப்பா தூங்குறா.

மங்களாம்பிகை: ...ம். தூங்குறா.

பூவம்மாள்: ஏன்டி அப்படிப் பார்க்கிற?

மங்களாம்பிகை: ஒண்ணுமில்ல.

பூவம்மாள்: நிலத்தை நினைச்சுப் பாரு. பதினஞ்சு ஏக்கருக்கு மேல இருந்தா சர்க்கார் எடுத்துக்கும். களத்துமேட்டுல சிவப்புக் கொடி நட்டுட்டாங்க. மிச்சத்தை உன் பேருக்கு எழுதினா வீட்டோட நிக்கும். வெளியில பொண்ணு எடுத்தா, அவளை நம்பி எழுத முடியுமா?

மங்களாம்பிகை: நிலம் தங்கணும்னு நான் ஊமைப்பிள்ளை பெத்துக்கணுமா?

பூவம்மாள்: சரின்னு சொல்லு. உரக்கச் சொல்லு, கூடத்துல கேக்கட்டும்.

மங்களாம்பிகை: அக்கா!

பூவம்மாள்: கிட்ட வா... சரின்னு சொன்னாத்தான் உன்னைப் பரீட்சைக்கு விடுவாங்க. கும்பகோணம் போனதும் திரும்பி வராதே.

மங்களாம்பிகை: இவ்வளவு நேரமும் நீதானே...

பூவம்மாள்: அவங்க காதுல விழத்தான் பேசினேன்.

மங்களாம்பிகை: ...சரி, கட்டிக்கிறேன்க்கா!

பூவம்மாள்: போதும்... ஏன்டி அழுவுற?

மங்களாம்பிகை: உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். நேத்து நீ குளத்துக்குப் போனப்ப, பாப்பா தலைமாட்டுல நின்னு தாம்பாளத்தைத் தட்டிப் பார்த்தேன்...

பூவம்மாள்: நான் அவ பொறந்ததுலேருந்து தட்டிக்கிட்டுத்தான் இருக்கேன், மங்களம். ஒரு நாள்கூட அவ திடுக்கிட்டதில்ல.