வண்டியின் மேல் தவறில்லை

கார்க் கதவை ஓங்கிச் சாத்துகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அதற்காக யாரையும் கடிந்து பேசியதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவேன். நான் கோபக்காரன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐயா. இனிமேல் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னை வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது.

விபத்தில் அடிபட்ட கார்களைப் பார்த்துக் காப்பீட்டுக் கம்பெனிக்கு மதிப்பீடு எழுதிக்கொடுப்பது என் தொழில். ஆனால் நான் வந்திருப்பது தொழில் விஷயமாக இல்லை. எங்கள் சங்கத்தின் சார்பாக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சங்கத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஒரே கம்பெனியின் ஒரே மாடல் சொகுசு காரை வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்துவது. தலைவர் ஒரு பல் டாக்டர், செயலாளர் நான். கையெழுத்துப் போடுவது அவர் வேலை, மற்றதெல்லாம் என் தலையில். அந்தக் காரை எங்களுக்குள் 'பெரியவர்' என்போம். "பெரியவர் எப்படி இருக்கார்?" என்று சங்கத்தில் ஒருவர் கேட்டால் காரைத்தான் கேட்கிறார். வீட்டில் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தால் அவரைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

எங்களுக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, ஹேண்ட் பிரேக் போட மாட்டோம். கியரை முன்னால் தள்ளிப் பார்க்கிங்கில் போட்டால் 'டக்' என்று ஒரு பிடி விழும். அதற்குப் பிறகு ஊரே நகர்ந்தாலும் பெரியவர் நகர மாட்டார். அதற்கு மேல் ஹேண்ட் பிரேக் போடுகிறவனைப் பார்த்து, பூட்டிய கதவுக்கு முட்டுக்கொடுக்கிறான் என்று சிரிப்போம். இரண்டாவது, சங்கக் கூட்டத்துக்கு வந்து இறங்கியதும் வண்டிக்கு முன்னால் போய்க் குனிந்து, மூக்கில் இருக்கிற சின்னத்தைக் கைக்குட்டையால் ஒருமுறை துடைக்க வேண்டும். அழுக்கு இருக்கிறதா என்பது பேச்சில்லை. இதை ஆரம்பித்துவைத்தவன் நான்.

என் தங்கையின் கணவரையும் இதில் இழுத்துவிட்டவன் நான்தான். வீடுகளுக்கு லிஃப்ட் அமைத்துக்கொடுப்பவர் அவர். கல்யாணமான புதிதில் அவருக்கு எல்லாக் காரும் ஒன்றுதான், நாலு சக்கரம் இருந்தால் சரி. நான் பக்கத்தில் உட்காரவைத்து, இன்ஜின் சத்தத்தைக் கேட்கச் சொல்லி, கதவைச் சாத்தக் கற்றுக்கொடுத்து ஆளாக்கினேன். அதனால், கடைக்கு வருவதற்கு முன்பே புது மாடலை ஓட்டிப் பார்த்துக் கருத்துச் சொல்லச் சங்கத்திலிருந்து ஒருவரைக் கம்பெனி அழைத்தபோது, அந்த அழைப்பு மாப்பிள்ளைக்குப் போனதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. குருவை விட்டுவிட்டுச் சிஷ்யனைக் கூப்பிடுவது உலகத்தில் நடக்காத காரியமா. பொறாமை என்று எழுதிவிடாதீர்கள், ஐயா. அந்த வார்த்தை இங்கே பொருந்தாது.

புது மாடல் வந்தது. எப்போதும் மீசையோடு இருந்த மாமனார் ஒரு நாள் மழித்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஆள் யாரென்று தெரிகிறது, எங்கே பார்த்துப் பேசுவது என்றுதான் தெரியவில்லை. வண்டியின் முகம் முழுக்க ஜன்னல் கம்பி மாதிரிப் பட்டைகள். உள்ளே பொத்தான்களை எல்லாம் பிடுங்கிவிட்டு ஒரு பெரிய திரை. ஏசியைக் குறைக்கத் திரையிடம் மனுப் போட வேண்டும். பாதி நேரம் பேட்டரியில் ஓடுவதால் சத்தமே கிடையாது. கை நிறையப் பிடிக்கிற கியருக்குப் பதிலாகக் கட்டைவிரல் அளவில் ஒன்று. எந்தப் பக்கம் தள்ளினாலும் தானாக நடுவுக்கு வந்துவிடும். பார்க்கிங்குக்குத் தனியாக ஒரு பொத்தான்.

பழகிய கை என்ன செய்யும்? முன்னால் தள்ளும். புதிதிலும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பார்க்கிங்கில் விழுந்துவிட்டது என்று நினைத்து இறங்கிவிடுவோம். உண்மையில் வண்டி நியூட்ரலில் இருக்கும். முதல்முறையாகக் கார் வாங்குகிறவர்கள் இந்தத் தவறைச் செய்ய மாட்டார்கள். பெரியவரோடு காலம் தள்ளியவர்கள் மட்டும்தான் செய்வார்கள். கம்பெனியிலும் இதை யோசித்திருக்கிறார்கள். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு திறந்தால் வண்டி தானாகவே பார்க்கிங்குக்குப் போய்விடும். நல்ல ஏற்பாடு. அதை நான் அப்போதே பாராட்டினேன்.

இந்த வண்டியையும் பெரியவர் என்று ஒத்துக்கொண்டு சங்கத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று இரண்டு கட்சியானோம். கூட்டத்தில் கை தூக்கி முடிவெடுப்பதாகப் பேச்சு. மாப்பிள்ளை புது வண்டியை வாங்கி, ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தார். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும். ஏறும்போது திட்டிக்கொண்டு ஏறியவர்கள் இறங்கும்போது பேசாமல் இறங்கினார்கள். பல் டாக்டர்கூட என்னிடம், "சார், மனசு ஒத்துக்க மாட்டேங்குது. ஆனா இடுப்பு ஒத்துக்குதே" என்றார். அந்தப் பேச்சுக்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் கட்டிக்காத்த சங்கம், ஒரு சீட்டின் மெத்தைக்கு விலைபோவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

நான் விரும்பியது சின்ன விஷயம். கூட்டத்தன்று எல்லோர் கண்ணெதிரிலும் அந்த வண்டி தானாகக் கொஞ்சம் நகர வேண்டும். ஒரு கீறல் விழுந்தால் போதும். பிறகு யாரும் கை தூக்க மாட்டார்கள்.

அன்று காலை தங்கையும் மாப்பிள்ளையும் என் வீட்டுக்கு வந்தார்கள். தங்கை எங்களோடு இருந்துவிடுவதாகவும், மாப்பிள்ளை மட்டும் கூட்டத்துக்கு வருவதாகவும் ஏற்பாடு. அவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போது, திரையைப் பார்க்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். கதவு திறந்ததை வண்டிக்குச் சொல்கிற ஒரு சின்ன இணைப்பு இருக்கிறது. அது எங்கே இருக்கும் என்று என் தொழிலில் தெரியும். அதை விலக்கிவைத்தேன். "அண்ணா, காபி ஆறுது" என்று தங்கை கூப்பிட்டாள். கை கழுவிவிட்டுப் போய்க் குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

திரையில் எச்சரிக்கை ஏதாவது வந்திருக்கும்தான். ஆனால் திரையைப் பார்த்து வண்டி ஓட்டுவது எங்கள் ஆட்களுக்குக் கௌரவக் குறைச்சல்.

கூட்டம் நடக்கிற மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சரிவான முற்றம். சரிவின் அடியில் கருங்கல் சுவர். யார் வண்டி எங்கே நிற்பது என்று சொல்வது செயலாளரின் பொறுப்பு. மாப்பிள்ளையின் வண்டியைச் சுவரைப் பார்த்த மாதிரி, கிட்டத்தில் நிறுத்தச் சொன்னேன். சுவர் கிட்டத்தில் இருந்தால் வண்டி அதிக தூரம் ஓடாது, யாருக்கும் ஆபத்தில்லை. இப்படி நான் எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தேன்.

சுவருக்கும் வண்டியின் மூக்குக்கும் நடுவில் ஆள் நின்றால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அது எனக்குத் தோன்றவே இல்லை என்றுதான் ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நான் இங்கே வரவில்லை.

மாப்பிள்ளை வண்டியை நிறுத்தினார். கியரை முன்னால் தள்ளினார், சத்தம் எனக்கே கேட்டது. இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தினார். நான் கற்றுக்கொடுத்த மாதிரியேதான் சாத்தினார். சரிவில் நிறுத்தினால் அந்த வண்டி கொஞ்ச நேரம் பிரேக்கைத் தானே பிடித்துவைத்திருந்து அப்புறம்தான் விடும். அதற்குள் அவர் மண்டபத்தின் பக்கம் திரும்பி இரண்டு எட்டு வைத்துவிட்டார். சின்னத்தைத் துடைக்க மறந்துவிட்டார். அப்படியே போயிருந்தால் கீறலோடு முடிந்திருக்கும்.

நான்தான் கூப்பிட்டேன். "என்ன மாப்பிள்ளை, தொடைக்காமப் போறீங்க? எல்லாரும் பாத்துட்டிருக்காங்க."

"அட, ஆமா மச்சான். மறந்தே போச்சு" என்று சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். கைக்குட்டையை எடுத்துக்கொண்டு நடுவில் போய்க் குனிந்தார்.

வண்டி நகர்ந்தது. நான் இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாம், அதற்கு நேரம் இருந்தது. ஆனால் அந்தச் சமயத்தில் என் கவனமெல்லாம் அது எவ்வளவு அமைதியாக நகர்கிறது என்பதில் இருந்தது. பெரியவராக இருந்திருந்தால் ஒரு உறுமலாவது கேட்டிருக்கும். இது பூனை மாதிரிப் போனது. குனிந்தவர் நிமிரவே இல்லை.

வண்டியைப் பின்னுக்கு எடுத்தவன் நான். மற்றவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வண்டிக்குள் எனக்கு ஒரு நிமிஷம் தனியாகக் கிடைத்தது. அந்த இணைப்பைத் திரும்பப் பொருத்திவிட்டேன். அதனால்தான் உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் வந்து பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. அவர்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். புது கியர் ஆளைக் குழப்புகிறது, வடிவமைப்பில் கோளாறு என்று அவர்கள் எழுதினார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

அடுத்த கூட்டத்தில் மாப்பிள்ளையின் படத்தை மேசை மேல் வைத்து அஞ்சலி செலுத்தினோம். பிறகு புது வண்டியைச் சேர்ப்பதில்லை என்று தீர்மானம் போட்டோம். நான் முன்மொழிந்தேன், பல் டாக்டர் வழிமொழிந்தார். எதிர்த்து ஒரு கை எழவில்லை.

இதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். போன வாரம் பட்டறையிலிருந்து வண்டி திரும்பி வந்தது. தங்கை அதைப் பார்க்கவே மாட்டேன் என்றாள். "நீயே எங்கயாவது குடுத்துடு அண்ணா. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. வராமல் இருக்குமா, கூடப் பிறந்தவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியை வாங்கிக்கொண்டேன்.

பழைய கார் வாங்கி விற்பவரிடம் கொண்டுபோவதற்காக எடுத்தேன், ஐயா. நேரே போகிற வழியை விட்டுவிட்டு ஏரியைச் சுற்றிக்கொண்டு போனேன். பிறகு இன்னொரு சுற்று. வளைவில் உடம்பு ஆடவில்லை. மேடு பள்ளம் எதுவும் முதுகுக்குத் தெரியவில்லை. அந்தத் திரையைத்தான் அவ்வளவு திட்டினேன், கை வைத்தால் அரை மணி நேரத்தில் பழகிவிடுகிறது. முகத்தை மாற்றினார்களே தவிர, உள்ளே இருப்பது அசல் பெரியவரேதான். என் வயதுக்கு நான் வாய்விட்டுச் சிரித்தேன். அன்று விற்கவில்லை, இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

நேற்றுக் கம்பெனி ஒரு அறிவிப்பு விட்டிருக்கிறது. நடந்த விபத்தின் காரணமாக அந்த மாடலையே நிறுத்திவிடப் போகிறார்களாம். ஆளைக் கொன்ற வண்டி என்று தெருவில் போகிறவன் எல்லாம் பேசுகிறான். அதைக் கேட்ட பிறகு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று இருக்கக் கூடாது. அதனால்தான் காலையிலேயே கிளம்பி வந்தேன். நான் சொன்னதை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். அந்த இணைப்பை விலக்கியது நான், அவரைக் கூப்பிட்டுக் குனியவைத்தது நான். வண்டியின் மேல் ஒரு தவறும் இல்லை. இதைக் கம்பெனிக்கு இன்றைக்கே தெரிவித்துவிட்டால் நல்லது. என் தங்கைக்கு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

மாப்பிள்ளையைப் பற்றியும் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. புது வண்டியை எடுத்த அன்று நேரே என் வீட்டுக்கு வந்து, சாவியை என் கையில் வைத்தார். "நீங்க முதல்ல ஓட்டிப் பாருங்க மச்சான். நீங்க சரின்னாத்தான் எனக்கும் சரி" என்றார். வேண்டாம் என்றேன். மரியாதைக்கு ஒரு தடவை வேண்டாம் என்று சொல்வதுதானே. அவர் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்.