ரேடியோவுக்குப் பின்னால் நான் ஒட்டிய செப்புத் தகடு

பெயர்: வதனி சுஜீதன். வயது: முப்பத்தொன்று. வசிப்பிடம்: மெரிலேண்ட்ஸ், நியூ சவுத் வேல்ஸ். கல்வி: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பட்டம். தொழில்: தற்போது வீட்டில் இருந்து ஒன்றரை வயது மகள் வினுஷாவைப் பார்த்துக்கொள்கிறேன். திகதி: 16 ஏப்ரல் 2025.

தமிழிலேயே எழுதலாம், மொழிபெயர்ப்பாளர் பார்த்துக்கொள்வார், நடந்ததை நடந்த வரிசையில் எழுதினால் போதும் என்று பொலிஸ் நிலையத்தில் இருந்த அதிகாரி தொலைபேசியில் கூறியதால் இதை என் கைப்பட எழுதுகிறேன். மகள் நித்திரையான பிறகு எழுதுவதால் எழுத்து சில இடங்களில் கோணலாக இருக்கலாம். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

என் கணவர் சுஜீதன் நான்கு வருடங்களாக இரண்டு பேர் அமரக்கூடிய சிறு விமானம் ஒன்றைச் சொந்தமாகக் கட்டி வருகிறார். இறக்கைச் செட்டைகள் இரண்டும் எங்கள் கராஜில் செய்யப்பட்டவை, அந்தக் காலம் முழுவதும் எங்கள் கார் தெருவில் நின்றது. வயரிங் வேலை முழுவதையும் செய்தவர் செவன் ஹில்ஸில் வாகன மின்வேலை செய்யும் திரு. தருமராசா, வயது நாற்பத்துநான்கு. அவரை நாங்கள் தருமண்ணை என்று கூப்பிடுவோம். அவர் 2012இல் படகில் வந்தவர், இன்றும் தற்காலிகமான பிரிட்ஜிங் விசாவில்தான் இருக்கிறார், மனைவியும் மகனும் வவுனியாவில் இருக்கிறார்கள். அவருடைய பெயர் ஒரு பொலிஸ் கோப்பில் ஏறினாலே விசா விண்ணப்பம் பாதிக்கப்படும் என்று அவருடைய சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். நான் இந்த வாக்குமூலத்தை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

இந்த வருடம் பெப்ரவரியில் விமானத்தை டாரா கிரீக் ஓடுதளத்தில் உள்ள ஹேங்கருக்குக் கொண்டுபோனார்கள். அன்று முதல் எனக்குச் சரியான நித்திரை இல்லை. கணவர் பறப்பதற்கு முறையாகப் பயிற்சி எடுத்தவர், கவனமானவர், கடையில் பால் வாங்கினாலும் திகதியை இரண்டு முறை பார்ப்பவர், ஆனாலும் இரவில் மகளின் மூச்சைப் பார்த்துவிட்டுப் பிறகு அவருடைய மூச்சையும் பார்க்கத் தொடங்கினேன். ஆகவே யாழ்ப்பாணத்தில் உள்ள என் சித்திக்குச் சொல்லி, உள்ளங்கை அளவான ஒரு செப்புத் தகட்டில் காவலுக்கு யந்திரக் கோடுகள் வரைவித்து, இங்கே கோவிலில் பூசையில் வைத்து எடுத்தேன். கணவருக்குச் சொல்லவில்லை. புதுக் காருக்கு நான் எலுமிச்சங்காய் கட்டியபோது, "எலுமிச்சங்காய்க்கும் லைசென்ஸ் எடுத்தனீரோ?" என்று ஒரு கிழமை கேட்டவர் அவர்.

மார்ச் முதலாம் திகதி சனிக்கிழமை, கணவரும் தருமண்ணையும் எரிபொருள் எடுக்கப் போயிருந்த நேரத்தில், நான் விமானியின் முன்னால் கருவிகள் பூட்டிய உலோகப் பலகைக்குப் பின்னால் கையை விட்டு, ரேடியோவுக்கு அருகே, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் அந்தத் தகட்டை ஒட்டினேன். டேப் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் பிழையில்லை என்று எண்ணினேன். அன்று முதல் தடவையாக விமானத்தின் இயந்திரம் ஓடியது, ஒரு குறையும் இல்லை. நான் நன்றாக நித்திரை கொண்டேன்.

அதன் பின்னர் மார்ச் எட்டாம் திகதி இயந்திரத்தை ஓடவிட்டபோது ஹெட்செட்டில் ஓர் இரைச்சல் கேட்டது. பக்கத்தில் இருப்பவரோடு பேசும் இன்டர்கொமிலும் அது இருந்தது, வெளியே பேசும் ரேடியோவிலும் இருந்தது. இயந்திரத்தின் வேகம் கூடக்கூட அதன் சுருதியும் கூடியது. கணவர் அது சங்கு மாதிரி என்றார், எனக்கு கிரைண்டர் மாதிரிக் கேட்டது, தருமண்ணை அது காதுக்குள் பாடும் நுளம்பு என்று முடிவாகச் சொல்லிவிட்டார், அதற்குப் பிறகு எல்லோரும் நுளம்பு என்றே சொன்னோம். இந்த நுளம்பு போகாமல், விமானத்தைப் பார்த்து அனுமதி தரும் பரிசோதகர் கையெழுத்து வைக்கமாட்டார், கையெழுத்து இல்லாமல் பறக்க முடியாது.

அன்று தொடங்கி ஆறு சனிக்கிழமைகள் அந்த நுளம்பைத் தேடினார்கள். இயந்திரத்தை நிறுத்தி பற்றரியில் மட்டும் ரேடியோவைப் போட்டால் சத்தம் இல்லை. இயந்திரம் ஓடும்போது, மின்சாரம் உண்டாக்கும் ஒல்டர்னேற்றரை மட்டும் நிறுத்தினாலும் சத்தம் இல்லை. ஆகவே ஒல்டர்னேற்றருக்கு ஃபில்டர் பூட்டினார்கள், போகவில்லை. மைக் வயர்களை எல்லாம் கழற்றி உறையுள்ள வயராக மாற்றினார்கள், போகவில்லை. ஹெட்செட்டை மாற்றினார்கள், அது புது ஹெட்செட்டிலும் வந்து இருந்துகொண்டது. மூன்றாவது சனிக்கிழமை தருமண்ணை, "ஒரு இடத்தில மட்டும்தான் எர்த் பிடிக்கோணும் தம்பி, ரெண்டு இடத்தில பிடிச்சா நடுவில நுளம்பு பாடும்" என்றார். நானும் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஓம், எங்கேயோ தெரியாமல் இரண்டாவது எர்த் ஒன்று இருக்கிறது, அதைத்தான் தேட வேண்டும் என்று பௌதிகவியல் பட்டதாரியாக அவர்களுக்கு விளக்கம் கொடுத்தேன். என் கணவர் அதை ஒரு தாளில் எழுதி ஹேங்கர் சுவரில் ஒட்டினார். அப்போதும் எனக்குத் தகட்டின் நினைவு வரவில்லை என்பதை இங்கே உண்மையாகப் பதிவு செய்கிறேன்.

அதன் பின்னர் ஏப்ரல் பன்னிரண்டாம் திகதி தருமண்ணை மல்லாக்கப் படுத்து, தலையைப் பலகைக்குக் கீழே விட்டு, ரோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் வெளியே இயந்திரத்தின் பக்கம் நின்றார், நான் மகளோடு ஹேங்கர் வாசலில் நின்றேன். தருமண்ணையின் கால்கள் இரண்டும் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தன. பிறகு வெளியே வந்து, கையைத் துடைத்து, "ஒரு வயர் லூசாக் கிடந்தது. இப்ப ஸ்ராட் பண்ணிப் பாருங்கோ" என்றார்.

இயந்திரம் ஓடியது. இருவரும் ஹெட்செட் போட்டபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள், வேகத்தைக் கூட்டினார்கள், குறைத்தார்கள், மறுபடி கூட்டினார்கள். பிறகு இயந்திரத்தை நிறுத்தி, தருமண்ணை இறங்கி வந்து மகளை வாங்கிக்கொண்டு வேலிப்பக்கம் போக, என்னை ஏற்றினார்கள். மறுபடி ஓடவிட்டு, கணவர் என்னிடம், "வதனி, கேக்குதோ?" என்றார். ஓர் இரைச்சலும் இல்லை, பக்கத்துக் குசினிக்குள் இருந்து பேசுவது போல இருந்தது. ஓம் என்றேன். அதன் பின்னர் அவர் மத்தியானம் என்ன சமைத்தனீர், மகளின் காலுக்குச் சப்பாத்து சின்னதாகிவிட்டதோ என்று தேவையில்லாத கேள்விகளாகவே கேட்டார், நானும் எல்லாவற்றுக்கும் முழு வசனத்தில் பதில் சொன்னேன். இறங்கிய பிறகு ஹரிஸ் பார்க்கில் வாங்கிய லட்டுகளை விமானத்தின் செட்டையில் பெட்டியோடு வைத்துச் சாப்பிட்டோம். தருமண்ணை மகளைத் தூக்கிக்கொண்டு ஹேங்கரைச் சுற்றி நுளம்பு போல் சத்தம் போட்டு ஓடினார், மகள் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது.

அதன் பின்னர் பதினான்காம் திகதி, புதுவருடத்தன்று, ஓடுதளப் பொறுப்பாளர் கீத் கணவருக்குத் தொலைபேசி எடுத்தார். ஜனவரியில் இருந்து அந்த ஹேங்கரில் வேறு விமானங்களின் ரேடியோக்கள் இரண்டு காணாமல் போயிருந்ததால் அவர் கமராப் பதிவுகளைப் பார்த்து வந்ததாகவும், சனிக்கிழமை தருமராசா எங்கள் விமானத்தின் ரேடியோவுக்குப் பின்னால் இருந்து மினுங்கும் பொருள் ஒன்றை எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பொக்கற்றில் வைப்பது தெரிவதாகவும், பொலிசுக்கு அறிவித்துவிட்டதாகவும், முடிவு தெரியும்வரை தருமராசா உள்ளே வரக்கூடாது என்றும் சொன்னார். கீத் மீது எனக்குக் குறை இல்லை. அடுத்த நாள் தருமண்ணை பொலிஸ் நிலையத்துக்கு அழைக்கப்பட்டார். பொருளை ஒப்படைத்தார், அது தன்னுடையது அல்ல என்றார், யாருடையது என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

அன்று மாலை கணவர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நான் மகளுக்குப் பூசணிக்காய் மசித்து ஊட்டிக்கொண்டிருந்தேன். செம்புத் தகடாம், கோடு கோடாக இருக்காம் என்றார். மகள் வாயைத் திறந்தபடி இருந்தது, என் கை போகவில்லை. ஆனாலும் உடனே சொல்லவில்லை. இரண்டு மணித்தியாலம் கழித்து, பாத்திரம் கழுவும்போது, முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னேன். திரும்பிப் பார்த்தால் கணவர் கதிரையில் இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார். "ஆறு கிழமையா நான் உம்மட சாமியோடையா சண்டை பிடிச்சனான்?" என்றார். அதன் பின்னர் இருவரும் உட்கார்ந்து யோசித்ததில், இயந்திரத்தின் அதிர்வில் டேப் விட்டு, தகடு வழுகிப்போய், ஹெட்செட் செருகும் ஓட்டையின் உலோக வளையத்தையும் பலகையையும் ஒன்றாகத் தொட்டிருக்கிறது என்பது தெளிவானது. நான் தேடச் சொன்ன அந்த இரண்டாவது எர்த் அதுதான்.

இன்று காலை செவன் ஹில்ஸில் தருமண்ணை வேலை செய்யும் இடத்துக்குப் போய், ஏன் அண்ணை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"என்னெண்டு சொல்லுறது தங்கச்சி? தம்பி உங்களைப் பகிடி பண்ணியே முடிச்சுப்போடுவார். சாமிச் சாமானைக் கீழ போடவும் ஏலாது, அதுதான் பொக்கற்றில வைச்சனான். சனிக்கிழமை உங்கட கையில தருவமெண்டிருந்தன்."

பொலிசுக்காவது சொல்லியிருக்கலாமே, உங்கள் விசா என்ன ஆவது என்றேன். வைத்தவர் வந்து சொல்ல வேண்டியதைத் தான் எப்படிச் சொல்வது என்றார். பிறகு, "பௌதிகம் படிச்ச பிள்ளை, செம்பு கரண்ட் கடத்துமெண்டு கம்பசில படிப்பிக்கேல்லையோ?" என்று கேட்டார்.

"படிப்பிச்சவை அண்ணை. பயந்தா மறந்திடும்."

அவர் அதற்குச் சிரிக்கவில்லை. தன் மகன் இப்போது மோட்டார் சைக்கிள் ஓடுகிறானாம், வீடியோவில் பார்த்ததில் இருந்து தனக்கும் அப்படித்தான் என்றார்.

தகடு என்னுடையது என்பதற்குச் சான்று: அதன் பின்புறத்தில் கறுப்புப் பேனையால் 'சுஜீதன், உத்தரட்டாதி' என்று எழுதியிருக்கும். பெயரும் அவர் பிறந்த நட்சத்திரமும் அவை. அந்த எழுத்தை இந்தத் தாளில் உள்ள என் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். திரு. தருமராசா எங்கள் விமானத்தில் இருந்து எங்களுக்குச் சொந்தமான எதையும் களவாக எடுக்கவில்லை, எதையும் பழுதாக்கவில்லை, மற்ற விமானங்களின் ரேடியோக்கள் காணாமல் போனதற்கும் இந்தத் தகட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிழை என்னுடையது. தகட்டை வைத்தவர் எழுத்தில் ஒத்துக்கொண்டால் இந்த விடயம் அவர் பெயரில் இல்லாமல் இத்தோடு முடியும் என்று, நேற்று இரவு நாங்கள் தொலைபேசி எடுத்தபோது அதிகாரி சொன்னதை நம்பியே எழுதுகிறேன். தகட்டை என்னிடம் திருப்பித் தரவும். அதை வீட்டுச் சாமியறையில் வைப்பேன், அங்கே வயர் எதுவும் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஏப்ரல் இருபத்தாறாம் திகதி சனிக்கிழமை காலை, பரிசோதகர் சம்மதித்தால், என் கணவர் முதல் தடவையாகப் பறக்கப் போகிறார். நான் வருவேன், மேலே பார்ப்பேனோ தெரியாது. தரையில் ஒருவர் கையில் ரேடியோவோடு நின்று, மேலே இருந்து அவர் கூப்பிடும்போது தெளிவாகக் கேட்கிறது என்று பதில் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு என் கணவர் தருமண்ணையைத் தவிர வேறு ஒருவரையும் கேட்கமாட்டேன் என்கிறார். அதற்கு முதல் நாளுக்குள் அவரை உள்ளே விடலாம் என்று கீத்துக்கு ஒரு வரி எழுதித் தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மேலே நான் எழுதியவை யாவும் நான் செய்ததும், கண்ணால் கண்டதும், சம்பந்தப்பட்டவர்கள் வாயால் கேட்டதுமே. எழுதி முடித்து ஒரு முறை வாசித்துப் பார்த்தேன், மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. இவை உண்மை என்று அறிந்தே கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) வதனி சுஜீதன்