பட்டன் தேயாத நான்கு டயர்கள்

ஓடுகிற வண்டியைவிட ஓடாத வண்டிக்குத்தான் கவனிப்பு அதிகம் தேவை. பலருக்கு இது தெரிவதில்லை. நிழலில் சும்மாதானே நிற்கிறது, அதற்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைக்கிறார்கள். பேட்டரி தானாக இறங்கும். டீசல் டேங்கில் தண்ணீர் சேரும். எலி ஒயரைக் கடிக்கும். ரப்பர் இருந்த இடத்திலேயே காய்ந்துபோகும். இருபத்தேழு வருடமாக மருத்துவமனை ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்கிறவன் சொல்கிறேன். மாதத்தில் இரண்டு மணி நேரம்கூட ஓடாத இயந்திரம் அது. ஆனால் கரண்ட் போனதும் கிளம்பியாக வேண்டும். என் கையில் ஒரு தடவைகூட மக்கர் செய்ததில்லை.

நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான், இன்ஸ்பெக்டர் சார். விபத்து நடந்தபோது பிக்கப் வண்டி நல்ல நிலையில் இருந்ததா? பராமரித்தவன் நான் என்பதால், ஆம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றீர்கள். மாப்பிள்ளை தான் வேகமாக ஓட்டியதாக ஒப்புக்கொண்டுவிட்டார், ஃபைலை மூடிவிடலாம் என்றும் சொன்னீர்கள். தாளில் நான்கு வரிக்குத்தான் இடம் இருக்கிறது. பின்பக்கத்திலும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை என் தங்கையின் கணவர். அந்தப் பழைய பிக்கப்பை அவர் ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம். "எடுக்காம வெச்சிருந்தாத்தான் வண்டி நாள்பட நிக்கும்" என்பார். தெருவில் அதற்கு 'மூத்த சம்சாரம்' என்று பெயர். என் தங்கையே சிரித்துக்கொண்டு சொல்வாள், "நான் ரெண்டாம் தாரம்ண்ணா. மூத்தவ ஷெட்டுல குளிச்சிட்டிருக்கா."

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மதியம் அவளுக்கு வயிற்றில் வலி. வெளியே கொட்டுகிற மழை. எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, தாங்க முடியல. மழை விடட்டும், போலாங்கறாரு."

போனை அவர் வாங்கினார். "இப்பத்தான் பெயிண்ட் அடிச்சேன் மச்சான். ரோடெல்லாம் ஒரே சேறு. சாதா வயித்து வலிதானே, கொஞ்சம் பொறுக்கட்டும்."

ஆம்புலன்ஸ் வேறு எங்கோ போயிருந்தது. அவர் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு நாற்பது நிமிடம். உடனே கிளம்பச் சொல்லி அதட்டிவிட்டு, ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்து மருத்துவமனை வாசலில் நின்றேன். கிளம்பியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். இரண்டரை மணி நேரம் நின்றேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மா மட்டும் நனைந்துகொண்டே தெருமுனைவரை ஓடி ஆட்டோ தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. மழை விட்டது, அவர்கள் வந்தார்கள். அவளுக்கே தெரியாமல் ஒரு கரு கருப்பைக்குப் போகாமல் குழாயிலேயே தங்கி வெடித்திருந்தது. உள்ளுக்குள்ளேயே ரத்தம் போய்விட்டது. ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவள் உடம்பை நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். முன்னால் போன மாப்பிள்ளை அதற்குள் வண்டியைக் கழுவி, உறை போட்டு மூடியிருந்தார். ஷெட்டுக்குள் போய்ப் பார்த்தேன். மட்காடின் அடிப்பக்கத்தில்கூட ஒரு பொட்டுச் சேறு இல்லை. அங்கேதான் முதலில் அந்த டயர்களைக் கவனித்தேன். தரையில் படுகிற மேல்தடம், பட்டன் என்போம், புதிதாக வாங்கியதைப் போல இருந்தது. ஓடினால்தானே தேய்வதற்கு? ஆனால் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று. ஒன்பது வருடம் ஆகியிருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தேன், மயிரிழை மாதிரி வெடிப்புகள்.

மறுமாதத்திலிருந்து ஒவ்வொரு முதல் ஞாயிறும் அந்த வீட்டுக்குப் போனேன். தங்கை போன பிறகும் உறவை விடாத மனுஷன் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வைத்தேன். இனி இறங்காது. டீசல் குழாய்களை மாற்றினேன். எலி வராமல் எஞ்சினுக்கு அடியில் வலை கட்டினேன். மங்கல் விளக்கை எடுத்துவிட்டு எல்.ஈ.டி. போட்டேன். புது ஷாக் அப்சார்பர். கேபின் தரையிலும் கதவுகளுக்குள்ளும் சத்தத்தை அடக்கும் தடித்த விரிப்பு. எல்லாம் சின்னச் சின்ன வேலைகள்தான். ஆனால் உட்கார்ந்து ஓட்டினால் கார் மாதிரி இருக்கும். மாப்பிள்ளைக்கு வாயெல்லாம் பல். டயர்களை மட்டும் நான் தொடவில்லை.

ஒரு தடவை அவரே கேட்டார். "டயர் மாத்தணுமா மச்சான்?"

"பட்டன் அப்படியே இருக்கே மாப்ள. எதுக்கு தண்டம்?" என்றேன்.

நீங்கள் நல்ல மெக்கானிக்கை வைத்து அந்த வண்டியைச் சோதித்தால் இதைச் சொல்வார். டயர் உள்ளுக்குள் பிரிய ஆரம்பித்தால் முதலில் ஸ்டியரிங் உதறும், தரையில் ஒரு தடதடப்பு கேட்கும். ஓட்டுகிறவனுக்கு வண்டி கொடுக்கும் எச்சரிக்கை அது. புது ஷாக் அப்சார்பரும் தடித்த விரிப்பும் இருந்தால் அது அவ்வளவாகத் தெரியாது.

டயர்களைத் தொடவில்லை என்று மேலே எழுதியதைத் திருத்த வேண்டும். ஒரே ஒரு ஞாயிறு, அவர் வெளியூர் போயிருந்தபோது, நான்கையும் ரிம்மிலிருந்து கழற்றி, அந்த இலக்கங்கள் உள்பக்கம் போகும்படி திருப்பி மாட்டினேன். பிறகு மாதாமாதம் கறுப்புப் பாலிஷ் போட்டேன். வெடிப்பு தெரியாது.

ஆனால் ஷெட்டில் நிற்கிற வண்டியில் டயர் வெடித்து என்ன பயன்? அதனால் அவரிடம், மாதம் ஒரு தடவையாவது நீண்ட தூரம், நல்ல வேகத்தில் ஓட்டுங்கள் என்றேன். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஓடாத வண்டிக்கு யாரும் சொல்லும் அறிவுரைதான். அவர் கேட்டுக்கொண்டார். அங்கேதான் நான் நினைத்தபடி நடக்கவில்லை. அவர் வண்டியை ஊர்க்காரர்களுக்கெல்லாம் எடுக்க ஆரம்பித்தார். வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றினார். பள்ளிக்கு பெஞ்ச் கொண்டுபோய்க் கொடுத்தார். மழையிலும் எடுத்தார். பெயிண்ட் உரிந்தது, கண்டுகொள்ளவில்லை. ஆனால் ஐம்பதைத் தாண்டவில்லை, டயர்களும் தாங்கின.

ஒரு ஞாயிறு, வண்டிக்கு அடியில் நான் படுத்திருந்தபோது, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அழுதார்.

"உங்க தங்கச்சிக்கு எடுக்காத வண்டிய இப்ப யார் கேட்டாலும் எடுக்கறேன் மச்சான். அப்படியாவது அவ என்ன மன்னிக்க மாட்டாளா?"

வெளியே வந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். அவளை எமனுக்கு வாரிக் கொடுத்தவன் நான். இந்த மனுஷன் நாலு பேருக்கு பீரோ தூக்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் பார்க்கிறார். அன்றைக்கு அவர் ஒரு புது சீட் பெல்ட் வாங்கி வைத்திருந்தார். ஓட்டுநர் பக்கத்தில் ஒழுங்காக மாட்டிக் கொடுத்தேன். வேலையில் குறை வைத்து எனக்குப் பழக்கமில்லை. பக்கத்து சீட் பெல்ட் இழுத்தால் பிடிக்காது. அது என் தங்கை உட்கார்ந்த இடம், அங்கே யார் உட்காரப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

போன செவ்வாய், நல்ல வெயில். பன்னிரண்டு மணிக்கு மாப்பிள்ளை போன் செய்தார்.

"மச்சான், நம்ம தையல்காரம்மாவுக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் வர லேட்டாகுமாம். நானே ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டேன். நூறுல மிதிச்சா வண்டி தாங்குமா?"

அவருக்குப் பக்கத்திலிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. "மெதுவாவே போப்பா, பரவால்ல," என்றார்.

ஐம்பதில் போனால் அந்த டயர்கள் அன்றைக்கும் தாங்கியிருக்கும். எனக்கு அது தெரியும். பதினோரு வருட ரப்பர் அந்த வெயிலில் நூறைத் தாங்காது, அதுவும் தெரியும். யோசிப்பதற்கு நேரம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தது.

"தாங்கும் மாப்ள. மிதிங்க," என்றேன்.

பிறகு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றேன்.

பாலத்து இறக்கத்தில் முன்பக்க இடது டயர் வெடித்தது. மிச்சத்தை நீங்கள் படம் எடுத்து வைத்திருக்கிறீர்கள். புது பெல்ட் அவரைக் காப்பாற்றியது. பெல்ட் பிடிக்காத பக்கத்து சீட்டிலிருந்து தையல்காரம்மா கண்ணாடி வழியாக வெளியே போய் விழுந்தார், அங்கேயே உயிர் போய்விட்டது. மழையில் என் தங்கைக்காக ஓடிய ஒரே ஆள் அவர்தான்.

இப்போது மாப்பிள்ளை உங்கள் ஸ்டேஷன் பெஞ்சில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்து, எல்லாம் என் தப்புதான், என்னை உள்ளே போடுங்கள் என்று அழுகிறார். தெருவில் அவரை நல்லவர் என்கிறார்கள், ஓர் உயிருக்காகப் பறந்தார் என்கிறார்கள். ஜெயிலுக்குப் போய்வந்தால் அவர் மனசு ஆறிவிடும். அதை அவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. இந்தக் குற்றம் என்னுடையது, அவருக்கு இதில் பங்கு கிடையாது.

அந்த அம்மா வண்டியில் இருப்பது தெரிந்தும் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பீர்கள். தெரிந்ததால்தான் சொன்னேன். மெதுவாகப் போயிருந்தால் அவர் வந்து சேர்ந்திருப்பார். டாக்டர்கள் காப்பாற்றியிருப்பார்கள். என் தங்கைக்குக் கிளம்பாத வண்டி இன்னொருத்திக்கு நேரத்துக்கு வந்து நிற்பதை, அதே வாசலில், அதே ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு நான் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

தையல்காரம்மாமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.