பழையதை வாங்காமல் புதியதைத் தராத உலகம்மாள் அக்காவுக்கு

கழக்கூட்டத்தில் நம் ஒர்க்ஷாப் திறந்த நாள் முதல் இருபத்திரண்டு ஆண்டுகள் ஸ்டோர் அறையைக் காத்தவரே! எந்த போல்ட் எந்தத் தட்டில் என்பதை ஏட்டைப் பார்க்காமல் சொல்பவரே! ஸ்பானரைக் கையில் எடுக்காமலே வண்டியின் நோயைக் கண்டுபிடித்தவரே! எங்கள் அன்புக்குரிய உலகம்மாள் அக்கா அவர்களே! வணக்கம்.

இன்று பணி ஓய்வு பெறும் உங்களைப் பாராட்டி எழுதும்படி எல்லோரும் திவ்யலட்சுமியான என்னிடம் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் பாராட்டைவிடக் கேள்விகளே அதிகம் வந்தன.

முதல் கேள்வி, உங்கள் சட்டம் எதற்கு என்பது. கழற்றிய பாகம் உங்கள் மேசைக்கு வராமல் புதிய பாகம் வெளியே போகாது. பிரேக் பேட் ஆனாலும் சரி, ஒரு ரப்பர் வாஷர் ஆனாலும் சரி.

"அக்கா, வண்டி லிஃப்டுல தொங்குது, வேகம் தாங்க" என்பார் மெக்கானிக் வினீத்.

"தொங்கட்டும் மக்கா. பழச கொண்டு வா, புதுச தாறேன்."

"எதுக்கு, மியூசியம் வைக்கவா?"

"ஆமா. முதல்ல உன்னத்தான் அதுல வைக்கணும்."

வந்த பாகத்தை நீங்கள் உடனே தட்டில் போடுவதில்லை. திருப்பிப் பார்ப்பீர்கள். விரலால் தடவுவீர்கள். கடைசியில் முகர்வீர்கள். பிறகு வண்டி எண் எழுதி, ஏழு நாள் வைத்திருந்து, எட்டாம் நாள் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைக்கு அனுப்புவீர்கள். நான் வேதியியல் படித்தவள். பாட்டிலின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத்தான் எனக்குத் தெரியும். உங்களுக்கு எழுத்தே இல்லாத பொருளையும் படிக்கத் தெரிந்திருந்தது.

ஒருமுறை ஐடி கம்பெனியில் வேலை செய்யும் ஷிஜா, ஏசியில் காற்று வரவில்லை என்று காரைக் கொண்டுவந்தார். அடைத்துப்போன ஃபில்டரை விரித்துப் பார்த்துவிட்டு, "உங்க வண்டி மாமரத்துக்கு அடியிலயா நிக்குது? கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க" என்றீர்கள். ஷிஜா பயந்தே போனார். "ஆன்ட்டி, எங்க வீட்டுக்கு எப்ப வந்தீங்க?" ஃபில்டர் மடிப்புக்குள் இருந்த மாம்பூவை நீங்கள் எடுத்துக் காட்டிய பிறகுதான் அவர் சிரித்தார்.

இனி எழுதப்போவது, சென்ற ஜூலையில் நீங்கள் பல் டாக்டரிடம் போயிருந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி.

மலைமேல் இருக்கும் போனக்காட்டு எஸ்டேட் பிள்ளைகளைக் கீழே விதுரா பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கும் செல்வமணி அண்ணனின் ஜீப்புக்கு அன்று முன்சக்கர பிரேக் பேட் மாற்றினோம். பிற்பகல் இரண்டு மணிக்கு ஜீப் போய்விட்டது. திரும்பி வந்த நீங்கள் முதலில் ஏட்டைப் பார்த்தீர்கள், பிறகு தட்டைப் பார்த்தீர்கள். ஏட்டில் புதிய பேட் போயிருந்தது; தட்டில் பழையது இல்லை. எதுவும் கேட்காமல் பின்பக்கக் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தீர்கள். நான்கு பேட்களும் கிடைத்தன. இரண்டில் பாதித் தடிமன் மீதி இருந்தது. மற்ற இரண்டும் இரும்பு வரை தேய்ந்திருந்தன.

முகர்ந்துவிட்டு "ம்" என்றீர்கள். வினீத்தைக் கூப்பிட்டு, "இது ரெண்டும் எந்தப் பக்கம்?" என்றீர்கள்.

"இடது, அக்கா."

அதற்குள் அவருக்கும் புரிந்துவிட்டது. இடது பக்க பிரேக் இறுகிப்போய், மிதித்த காலை எடுத்த பிறகும் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. புதிய பேட் போட்டாலும் பிடிக்கும், சூடேறிக்கொண்டே போகும், மலை இறக்கத்தில் பிரேக்கே பிடிக்காமல் போகலாம். செல்வமணி அண்ணன் நான்கு மணிக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மேலே போவார். போனால் போன் கிடைக்காது. மறுநாள் காலையில் ஆறு பிள்ளைகளோடு மலை இறங்குவார்.

"விளி" என்று போனை என் கையில் கொடுத்தீர்கள். நான்காவது முறைதான் எடுத்தார். மணி மூன்று ஐம்பது.

"எதுக்கு மோளே விளிச்சுக்கிட்டே இருக்க? வண்டி சூப்பரா ஓடுது."

"அண்ணா, முன் சக்கரம் ரெண்டுக்கும் பக்கத்துல கைய கொண்டு போங்க. தொட வேண்டாம். சூடு தெரியுதா?"

ஜீப் கதவு திறந்தது. பின்னால் பள்ளிக்கூட மணி கேட்டது.

"வலது ஒண்ணுமில்ல." பிறகு, "இடது அடுப்பு மாதிரி இருக்கு, மோளே."

பிள்ளைகள் வேறு வண்டியில் வீடு போனார்கள். வினீத் பைக்கில் விதுராவுக்குப் போய், வண்டியை அங்கேயே நிறுத்திவைத்துச் சரிசெய்தார்.

மாலையில் மேனேஜர் ஸ்ரீகண்டன் சார் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: "சட்டம் போட்டவங்களே மீறினா எப்படி அம்மா?"

"என் ரூம்ல நடந்தது. என் தப்புதான் சார்" என்றீர்கள். ஏட்டில் எழுதவும் செய்தீர்கள்: 'பழையது வாங்காமல் கொடுக்கப்பட்டது. பொறுப்பு: உலகம்மாள்.' இருபத்திரண்டு ஆண்டு ஏடுகளில் உங்கள் பெயரில் இருக்கும் தவறு அது ஒன்றுதான்.

அந்த இரண்டு மணி நேரம் ஸ்டோர் சாவி என்னிடம் இருந்தது. வினீத் அவசரப்படுத்தினார். பழையதைக் கேட்க எனக்குக் கூச்சம். எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஸ்ரீகண்டன் சாரே இப்போது, இந்த மடலை வாசிக்கும்போதுதான் இதைக் கேள்விப்படுகிறார். இன்று காலை அந்த வரியை அடித்துவிட்டு, 'கொடுத்தது திவ்யலட்சுமி, வாங்கியது வினீத்' என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். உங்கள் ஏட்டில் இனி உங்கள் தவறு எதுவும் இல்லை.

எட்டாம் நாளுக்குப் பிறகும் நீங்கள் ஆக்கர் கடைக்கு அனுப்பாமல் வைத்திருந்தது அந்த நான்கு பேட்களை மட்டும்தான். அவற்றில் இடதில் ஒன்றையும் வலதில் ஒன்றையும் இந்த மடலுக்குப் போட்ட மரச் சட்டத்தின் அடியில் பதித்திருக்கிறோம். பழையது எதையும் தராமல் நீங்கள் வாங்கிக்கொள்ளும் முதல் பொருள் இது.

ஆரியசாலை வீட்டில் நீங்கள் நல்ல உறக்கமும் நடக்கக் கால்பலமும் பெற்று நெடுங்காலம் வாழ வேண்டும். அந்தக் கண்ணும் விரலும் மூக்கும் கடைசிவரை இதே கூர்மையோடு இருக்க வேண்டும்.

ஒரே ஒரு கேள்வி மீதி இருக்கிறது, அக்கா. நேற்று அந்த பேட் இரண்டையும் நானும் முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒரே வாசனைதான் வந்தது. அன்று "ம்" என்றீர்களே, என்ன தெரிந்தது? இன்று உங்கள் ஏற்புரையில் அதைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

என்றும் உங்கள் மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்கும்,
கழக்கூட்டம் ஒர்க்ஷாப் ஊழியர்கள்