முயலுக்குக் கழித்த திருஷ்டி

"முயலுக்குத் திருஷ்டி கழிச்சேன்க்கா. அன்னிலேர்ந்து புல்லையே தொட மாட்டேங்குது."

எதிர்ப் பலகையில் ஒரு பெண் இப்படிச் சொன்னதும் என் பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தை மூடிவிட்டேன். வில்லியனூர் வழியாகப் போகும் ரயில். அவள் மடியில் கூடை. உள்ளே அருகம்புல் நடுவே வெள்ளை முயல் நடுங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்தில், மீன் விற்கப் போகும் வீராம்பட்டினத்து அம்மாள்.

"இன்னா போட்டுக் கழிச்சே?"

"மொளகாதான். சுத்தி அடுப்புல போட்டேன். வூடெல்லாம் நெடி."

"அடிப் பாவி! நாம வாசலுக்கு ஓடுவோம். கூண்டுல இருக்கிறது எங்கடி ஓடும்?"

"எம்பொண்ணு வளக்கிறதுக்கா. இது துன்னலேன்னு அவளும் துன்னல. அதான் வில்லியனூர்ல மந்திரிக்கப் போறேன்."

"அங்க வேப்பிலையால அடிப்பாங்க. வாணாம். முந்தானையால கூடையை மூடு. யாரும் எட்டிப் பாக்காதீங்க, சத்தம் போடாதீங்க."

கடைசியாகச் சொன்னது எங்கள் எல்லோருக்கும். பெட்டியே அடங்கியது. டிக்கெட் கேட்க வந்தவர் வாயைத் திறந்தார். பத்துப் பேர் உதட்டில் விரல் வைத்தார்கள். அவரும் நுனிக்காலில் நடந்து போய்விட்டார்.

வில்லியனூரில் வண்டி நின்றது. அந்த அமைதியில் முந்தானைக்குள் நறுக், நறுக் என்று புல் கடிபடும் சத்தம்.

"எறங்கலியாடி?" என்று மீன்கார அம்மாள் கிசுகிசுத்தாள்.

"துன்னுதுக்கா. அசைக்க வாணாம். அடுத்த டேசன்லேர்ந்து நடந்தே திரும்பிக்கிறேன்."